டூன் துப்பாக்கிக் கொல்லர்களின் கல்லறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகருக்கு வடமேற்கே சுமார் 13 கிலோமீட்டர் தள்ளி டூன் என்ற சிற்றூர் இருக்கிறது. உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் கைத்துப்பாக்கிகள் பல இந்த ஊர்க் கொல்லர்கள் செய்தவை. அவர்கள் வாழ்ந்த சேகரத்தின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியின்) பழைய இடுகாடு மட்டும் புதர் மண்டிக் கிடந்தது. அதை மீட்க ஊர்க்காரர்கள் இறங்கினார்கள். நானும் ஸ்காட்லாந்தில் வேறொரு பழைய இடுகாட்டில் சனிக்கிழமைகளில் கல் துலக்கும் வேலைக்குப் போகிறவன். நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

இவ்வளவு சின்ன ஊரில் துப்பாக்கித் தொழில் எப்படி வந்தது?

மாடுகளால் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? மலைநாட்டுக்கும் சமவெளிக்கும் நடுவில் வாசற்படி போல இருக்கிற ஊர் டூன். மலைநாட்டு மாடுகளை மந்தை மந்தையாக ஓட்டிக்கொண்டு ஃபால்கர்க் சந்தைக்குப் போகிறவர்கள் இந்த வழியாகத்தான் இறங்குவார்கள். டூனிலேயும் பெரிய சந்தை கூடியது. போகும்போது மாடு, திரும்பும்போது மடி நிறையப் பணம். வழியெல்லாம் திருட்டு பயம். இடுப்பில் ஒரு துப்பாக்கி இல்லாமல் நடமாட முடியாத காலம் அது. வாங்குகிற ஆள் தானாக வந்து போகிற இடத்தில் கொல்லன் பட்டறை போடுவது இயல்புதானே.

கேடல் குடும்பம் யார்?

1646இல் மத்தில் என்ற ஊரிலிருந்து தாமஸ் கேடல் என்ற கொல்லர் டூனுக்கு வந்து குடியேறினார். தொழிலை அவர் மத்திலிலேயே கற்றிருந்தார். பள்ளிப் படிப்பு இல்லாதவர், விடாமுயற்சியால் துப்பாக்கி செய்வதில் தேர்ந்தார் என்று 1790களில் தொகுக்கப்பட்ட ஸ்காட்லாந்துப் புள்ளிவிவரக் குறிப்பில் அந்தச் சேகரத்தைப் பற்றிய பகுதி சொல்கிறது. அப்புறம் மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று தலைமுறை தலைமுறையாக அதே தொழில். பெரும்பாலும் அதே தாமஸ் என்ற பெயர். இதனால்தான் எந்தத் துப்பாக்கி எந்தத் தாமஸுடையது என்று பிரிப்பதில் இன்றும் குழப்பம் வருகிறது.

கேடல் பட்டறையின் கைவரிசை அதோடு நிற்கவில்லை. அங்கே பழகியவர்கள் வழியாகத் தொழில் ஊரில் பரவியது. கேம்பல், மர்டாக், கிறிஸ்டி ஆகிய பெயர்களையும் டூன் துப்பாக்கிகளின் மேல் பார்க்கலாம்.

அந்தத் துப்பாக்கியில் அப்படி என்ன விசேஷம்?

முதலில், மரமே கிடையாது. அந்தக் காலத்துத் துப்பாக்கி என்றால் குழல் இரும்பு, பிடி மரம். டூன் துப்பாக்கியில் குழல், உடல், பிடி எல்லாமே இரும்பு. ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிடியின் அடி இரண்டாகப் பிளந்து, ஆட்டுக்கடாக் கொம்பு போல உள்பக்கம் சுருண்டிருப்பது தெரியும். இரண்டு கொம்புகளுக்கும் நடுவில் சின்னக் குமிழ் ஒன்று. அழகுக்கு வைத்தது என்று தோன்றும். திருகிக் கழற்றினால் உள்ளிருந்து ஒரு ஊசி வரும். வெடிமருந்து பற்றும் துளை கரி பிடித்து அடைத்துக்கொண்டால் குத்தி எடுப்பதற்கு. விசையைச் சுற்றிக் காப்பு வளையம் இல்லை. விசையே ஒரு சின்ன உருண்டை. இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்ள ஒரு பக்கம் நீளமான கொக்கி. உடல் முழுக்க இலைச் சுருள் செதுக்கி, நடுநடுவே வெள்ளி பதித்திருப்பார்கள்.

சோடி சோடியாகத்தான் விற்றார்கள். ஒரு சோடி 4 கினியிலிருந்து (கினி என்பது பழைய பிரிட்டிஷ் தங்க நாணயம்) 24 கினி வரை போனது என்று அதே புள்ளிவிவரக் குறிப்பு சொல்கிறது. மாடு ஓட்டிகளின் தேவைக்காகத் தொடங்கிய பட்டறை, பிரபுக்கள் சொல்லிச் செய்ய வைக்கும் இடமாக மாறிவிட்டது.

அமெரிக்க விடுதலைப் போரின் முதல் குண்டு டூன் துப்பாக்கியிலிருந்து வந்ததாமே?

ஊரில் பெருமையாகச் சொல்லும் கதை அது. 1775 ஏப்ரல் 19, அமெரிக்காவின் லெக்சிங்டன் என்ற ஊர். பிரிட்டிஷ் தரப்பில் நின்ற மேஜர் ஜான் பிட்கேர்ன் ஸ்காட்லாந்துக்காரர். அவருடைய கையிலிருந்த டூன் துப்பாக்கி முதலில் வெடித்தது என்பது கதை. முதல் குண்டை எந்தத் தரப்பு சுட்டது என்றே அன்றிலிருந்து இன்றுவரை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அவருடையவை என்று சொல்லப்படும் ஒரு சோடி, மர்டாக் செய்தது, லெக்சிங்டனில் பாதுகாக்கப்படுகிறது. அதில் செதுக்கியிருக்கும் குலச்சின்னம் பிட்கேர்ன் குடும்பத்துடையதா என்பதிலேயே ஆய்வாளர்களுக்குச் சந்தேகம். துப்பாக்கி டூனில் செய்தது, அது மட்டும் உறுதி. இந்தக் கதை இல்லாமலே அந்தக் கொல்லர்களுக்குப் போதுமான பெருமை இருக்கிறது என்பது என் எண்ணம்.

இவ்வளவு புகழ் பெற்றவர்களின் இடுகாடு ஏன் கேட்பாரற்றுப் போனது?

இரண்டு காரணங்கள் பின்னிக்கொண்டன. ஒன்று, தொழில் செத்தது. பழைய ஸ்டூவர்ட் அரச குடும்பத்துக்காக மலைநாட்டார் பலர் சேர்ந்து எழுந்த 1745 கிளர்ச்சி தோற்ற பிறகு மலைநாட்டாரின் ஆயுதங்களைப் பறிக்கும் சட்டம் 1746இல் கடுமையானது. மலைநாட்டு உடைக்கும் தடை வந்தது. அந்தத் தடை 1782இல்தான் நீங்கியது. இடையில் ஒரு தலைமுறைக்கு மேல் போய்விட்டது. இடுப்பில் துப்பாக்கி செருகும் வழக்கம் மறைந்தது. படைவீரர்களுக்கு வேண்டியதை பர்மிங்ஹாம் பட்டறைகள் மலிவாகச் செய்து தள்ளின. கடைசியாக எஞ்சிய கொல்லரும் பட்டறையை மூடினால் இந்தத் தொழில் அடியோடு போய்விடும் என்று அதே புள்ளிவிவரக் குறிப்பு எழுதியது. அப்படியே நடந்தது.

இரண்டாவது காரணம், கோயில், அதாவது தேவாலயம், இடம் மாறியது. கில்மடாக் சேகரத்தின் பழைய கோயில் டூனிலிருந்து வடமேற்கே, டீத் ஆற்றை ஒட்டி ஒதுக்குப்புறமாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆராதனையை டூன் ஊருக்குள் மாற்றிக்கொண்டார்கள். வாராவாரம் கால் படுகிற பாதை இருந்தவரை இடுகாட்டுக்குக் காவல் தேவைப்படவில்லை. கால் நின்றதும் மரம் வந்தது, கொடி வந்தது, சுவர் சரிந்தது. பழைய குடும்பங்களில் சில வேறு ஊர்களுக்குப் போயின, சில வாரிசில்லாமல் முடிந்தன. யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

மீட்பு வேலையைச் செய்வது யார்?

பழைய கில்மடாக் மீட்பர்கள் என்ற பொருளில் பெயர் வைத்துக்கொண்ட உள்ளூர்த் தன்னார்வக் குழு. தொல்லியலாளர்களின் துணையோடு புதர் வெட்டினார்கள், கற்களைத் தேடினார்கள், பழைய கோயிலின் சுவடுகளையும் ஆராய்ந்தார்கள். அந்த இடத்தில் ஓகம் எழுத்துகள் வெட்டிய மிகப் பழைய சிற்பக்கல் ஒன்றும் கிடைத்தது. ஓகம் என்பது ஒரு கோட்டின் இரு பக்கமும் கீறல் கீறலாகப் போடும் பழங்கால எழுத்து. துப்பாக்கிக் கொல்லர்களுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்தையவர்களும் அதே மண்ணைப் புனிதமாக நினைத்திருக்கிறார்கள்!

பாழடைந்த கல்லறைதானே, யார் வேண்டுமானாலும் போய்ச் சுத்தம் செய்யலாமா?

கூடாது. நல்ல எண்ணத்தோடு தனியாகப் போய் அரிவாளோடு இறங்குபவர்களால்தான் அதிகச் சேதம். ஸ்காட்லாந்தில் 1925ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பழைய கோயில் இடுகாடுகள் பெரும்பாலும் உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்புக்கு வந்துவிட்டன. நிலம் மன்றத்துடையது, ஆனால் கல் அந்தக் குடும்பத்தின் வாரிசுக்குச் சொந்தம். எனவே முதல் படி ஒரு கடிதம். அந்த இடம் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இருந்தால் ஸ்காட்லாந்தின் தொல்லியல் துறை அனுமதியும் வேண்டும், அது இல்லாமல் ஒரு மண்வெட்டு மண்கூட எடுக்க முடியாது. ஆர்க்கியாலஜி ஸ்காட்லாந்து என்ற அமைப்பு, நினைவுச்சின்னங்களைத் தத்தெடுக்கும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. புதிதாகத் தொடங்கும் குழுக்களுக்கு அங்கே பயிற்சியும் ஆலோசனையும் கிடைக்கும்.

கொல்லருடைய கல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அந்தக் காலத்து ஸ்காட்லாந்துக் கல்லறைகளில் எழுத்தை விடப் படம் அதிகம் பேசும். நெசவாளர் கல்லில் தறி நாடா இருக்கும், தையற்காரர் கல்லில் கத்தரிக்கோல், உழவர் கல்லில் கொழு. சுத்தியலும் அதன் மேல் கிரீடமும் கண்டால் இரும்பு வேலைக்காரர் என்று முடிவு செய்யலாம். சுத்தியல்காரர் சங்கத்தின் சின்னம் அது. துப்பாக்கிக் கொல்லர், பூட்டுக் கொல்லர், லாடம் அடிப்பவர் எல்லோரும் அந்த இனத்தில் வருவார்கள். கூடவே மண்டையோடு, குறுக்கெலும்பு, மணற்கடிகாரம் இருக்கும். அவை தொழிலைச் சொல்லவில்லை, சாவை நினைவூட்டுகின்றன. புதிதாக வருகிறவர்கள் மண்டையோட்டைப் பார்த்ததும் கடற்கொள்ளைக்காரனா என்று கேட்பார்கள். அப்படி ஒன்றுமில்லை.

எழுத்தைப் படிப்பதிலும் பழக்கம் வேண்டும். ஜே வர வேண்டிய இடத்தில் ஐ இருக்கும், யு இருக்க வேண்டிய இடத்தில் வி இருக்கும். ஒரே குடும்பப் பெயரை ஒரே இடுகாட்டில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். கேடல் பெயரிலேயே ஒரு டி, இரண்டு டி என்று வேறுபாடு உண்டு. பழைய கற்கள் பலவற்றில் முழுப் பெயரே இருக்காது. கணவன் பெயரின் முதலெழுத்துகள், மனைவி பெயரின் முதலெழுத்துகள், ஒரு வருடம், அவ்வளவுதான்.

மனைவி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் கல்யாணமான பெண்ணைக் கல்லறையில் அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரோடுதான் பொறிப்பார்கள். இந்த வழக்கம் வம்சாவளி தேடுபவர்களுக்குப் பெரிய வரம். தாமஸுக்குப் பின் தாமஸ் என்று வரும் ஒரு குடும்பத்தில், இவர் எந்தத் தாமஸ் என்பதை மனைவி பெயரை வைத்துத்தான் பிரிக்க முடியும். கல்லில் படித்ததைச் சேகரத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளோடு ஒப்பிட வேண்டும். அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு அங்கே 1855இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தியவர்களுக்குக் கல்தான் பல நேரம் ஒரே சாட்சி.

பாசி பிடித்த கல்லை எதனால் தேய்ப்பது?

தண்ணீர். வேறு எதுவும் வேண்டாம் என்றே பெரும்பாலும் சொல்வேன். முதலில் கல்லைத் தட்டிப் பார்க்காமல், தொட்டுப் பார்க்காமல், கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும். மேல்தோல் உப்பியிருக்கிறதா, ஓரத்தில் அடுக்கு அடுக்காகப் பிரிகிறதா, மணல் உதிர்கிறதா? இதில் எது இருந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும். உறுதியான கல் என்றால் நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் துலக்க வேண்டும். எழுத்தின் பள்ளத்துக்குள் மூங்கில் குச்சி. பிளீச், ஆசிட், வீட்டுச் சோப்பு, கம்பி பிரஷ், அழுத்தத்தில் பீய்ச்சும் தண்ணீர் இயந்திரம், ஒன்றும் கூடாது. பிளீச்சிலிருக்கும் உப்பு கல்லுக்குள் இறங்கி, காய்ந்து படிகமாகி, உள்ளிருந்தே கல்லை உடைக்கும். போட்ட அன்று வெள்ளையாக இருக்கும். சில குளிர்காலம் போனால் எழுத்தே இருக்காது.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். சேர்ந்த புதிதில் ஒரு மணற்கல்லில் பாசி கெட்டியாக ஒட்டியிருந்தது. பொறுமையில்லாமல் கொஞ்சம் விறைப்பான பிரஷ்ஷை எடுத்து அழுத்தினேன். பாசியோடு சேர்ந்து நகத்தளவு சில்லு ஒன்று பெயர்ந்து கையில் வந்தது. திருப்பிப் பார்த்தால் அதில் ஒரு எழுத்தின் வால் இருந்தது. 1700களில் யாரோ ஒரு கல்தச்சன் உளியால் வெட்டிய வால். மழையும் பனியும் முந்நூறு வருடமாக எடுக்காததை நான் ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டேன். அந்தச் சில்லைக் காகிதத்தில் மடித்துக் குழுவின் பதிவோடு சேர்த்து வைத்திருக்கிறோம். அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுகிறேன்.

தட்டையாகப் படரும் கற்பூஞ்சை (லைக்கன்) வேறு, பாசி வேறு. சாம்பலும் மஞ்சளுமாக வட்ட வட்டமாக இருக்கும் கற்பூஞ்சை மிக மெதுவாக வளர்வது, அரிய வகைகளும் இருக்கலாம். எழுத்தை மறைக்காதவரை அதை விட்டுவிடுவது நல்லது. ஐவி கொடியையும் பிடித்து இழுக்கக் கூடாது. அடியில் வெட்டிவிட்டு, காயும்வரை காத்திருந்து எடுக்க வேண்டும். பச்சையாக இழுத்தால் வேர் கல்லையும் பிய்த்துக்கொண்டு வரும்.

எழுத்து தேய்ந்துவிட்டதே, மைப்படி எடுக்கலாமா? சாக்பீஸ் தடவலாமா?

கல்வெட்டுத் துறையில் பயிற்சி உள்ளவர்கள் உறுதியான பாறையில் மைப்படி எடுப்பது வேறு. பலவீனமான மணற்கல்லில் காகிதம் வைத்துத் தேய்த்தால் கல் உதிரும். சாக்பீஸ், மாவு, ஷேவிங் நுரை ஆகியவையும் வேண்டவே வேண்டாம்.

வெளிச்சம் போதும். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் ஒரு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கிட்டத்தட்டக் கல்லோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். பகலில் வெறும் கல்லாக இருந்தது, ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் விழுந்து பேச ஆரம்பிக்கும். ஒரு நவம்பர் மாலை நாங்கள் மூன்று பேர் அப்படி ஒரு கல்லின் முன் மண்டியிட்டிருந்தோம். பகல் முழுக்க ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சைக் கொஞ்சம் தாழ்த்தியதும் முதலில் ஒரு நாடாவின் உருவம், அப்புறம் அதற்குக் கீழே வருடம், அப்புறம் ஒரு பெண்ணின் பெயர். பக்கத்திலிருந்த பெரியம்மா அந்தப் பெயரைச் சத்தமாக வாசித்தார். அந்தப் பெயரை அந்த இடத்தில் கடைசியாக யார் உச்சரித்திருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஒரே கல்லைப் பல கோணங்களில் நூற்றுக்கணக்கான படம் எடுத்து, கணினியில் முப்பரிமாண உருவம் ஆக்கும் முறையும் இப்போது பரவலாகிவிட்டது. கைப்பேசிக் கேமராவே போதும்.

சாய்ந்த, உடைந்த கற்களை நிமிர்த்தி ஒட்டலாமா?

கல்லறைக்கல் பார்ப்பதை விடப் பல மடங்கு கனம். சாய்ந்த கல் ஆளின் மேல் விழுந்து உயிர் போன சம்பவங்கள் உண்டு. எனவே தூக்குகிற வேலை பயிற்சி பெற்றவர்களோடு, முக்காலியும் கப்பியும் வைத்து மட்டும்தான்.

ஒட்டுவதில் பழைய தவறு சிமெண்ட். சிமெண்ட் கல்லை விடக் கெட்டி, ஈரத்தை வெளியே விடாது. ஈரம் முழுக்கக் கல் வழியாகவே வெளியேற வேண்டி வரும், கல் உதிரும். சுண்ணாம்புக் காரை மூச்சு விடும். தேய வேண்டி வந்தால் முதலில் அதுதான் தேயும், கல் தப்பிக்கும். அதேபோல் பழைய இரும்புக் கம்பிகள். துருப்பிடித்த இரும்பு பருத்து, நடுவிலிருந்து கல்லைப் பிளந்துவிடும். இப்போது துருப்பிடிக்காத எஃகுக் கம்பிதான் போடுகிறார்கள். இரும்பை உயிராக நேசித்த கொல்லர்களின் கல்லை இரும்பே உடைப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும்.

மண்ணுக்குள் புதைந்த கற்களை எப்படித் தேடுகிறார்கள்?

பழைய பட்டியல், பழைய படம் இருந்தால் முதலில் அது. அப்புறம் மெல்லிய கம்பியால் புல்தரையைச் சின்ன இடைவெளி விட்டு மெதுவாகக் குத்திப் பார்ப்பது. கல் தட்டினால் கையில் தெரியும். புல்லைப் பாய் போலச் சுருட்டி எடுத்து, மண்ணைக் கையால் வாரி, படம் எடுத்து, அளந்து பதிவு செய்வார்கள். பல நேரம் அதே புல்லைத் திரும்பப் போட்டு மூடிவிடுவார்கள். கேட்டவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் உறைபனி விழும் நாட்டில் மணற்கல்லுக்கு மண்போர்வையை விட நல்ல பாதுகாப்பு இல்லை. மண்ணுக்குள் கிடந்த கற்களில்தான் உளியின் தடம்கூட அப்படியே இருக்கிறது.

எலும்பு தென்பட்டால் வேலை அந்த நொடியே நிற்கும். தொடாமல் மூடி, காவல்துறைக்கும் பொறுப்பான அதிகாரிக்கும் சொல்ல வேண்டும். சவக்குழியைக் கலைப்பது அங்கே குற்றம்.

தேய்ந்த எழுத்தைத் திரும்ப வெட்டிப் புதுசாக்கினால் என்ன?

வாரிசுகள் ஆசையோடு கேட்பது இது. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திரும்ப வெட்டினால் பழைய தச்சனின் கை போய்விடும். நாம் தப்பாகப் படித்திருந்தால் அந்தத் தப்பு கல்லிலேயே நிலைத்துவிடும். பக்கத்தில் சின்னப் பலகை ஒன்று வைத்து, படித்ததை எழுதி, படிக்க முடியாத இடத்தைக் காலியாக விடுவதுதான் நேர்மை.

கொல்லும் கருவி செய்தவர்களுக்கு இந்த மரியாதை தேவையா?

நேர்மையான கேள்வி, எனக்கும் வந்தது. இவர்கள் செய்த துப்பாக்கிகள் ஆட்களைக் கொன்றிருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் துப்பாக்கியைப் பளபளவென்று துடைத்து வைத்துச் செய்தவரை மறப்பது இன்னும் பெரிய பிழையாக எனக்குப் படுகிறது. அந்தக் கற்களுக்கு அடியில் பட்டறைக்காரர் மட்டும் இல்லை. துருத்தி ஊதிய பையன்கள், பிரசவத்தில் போன பெண்கள், பெயர் வைத்த சில நாளில் இறந்த குழந்தைகளும் அங்கேதான். கல்லைத் துலக்கும்போது அவர்களுடைய பெயர்களும்தான் வெளியே வருகின்றன.

எனக்கு முழங்கால் வலி, தூரத்தில் இருக்கிறேன். உதவ முடியுமா?

நன்றாக முடியும். மண்ணில் வேலை ஒரு பங்கு என்றால் மேசையில் வேலை மூன்று பங்கு. ஸ்கேன் செய்த பழைய பதிவேடுகளைப் படித்துத் தட்டச்சு செய்ய, படங்களுக்குப் பெயரிட்டு அடுக்க, கல்லில் உள்ளதைப் பதிவேட்டோடு ஒப்பிட எப்போதும் ஆள் வேண்டும். பழைய கையெழுத்து படிக்கப் பழகினால் உங்களை விடவே மாட்டார்கள்.

நேரில் போய்ப் பார்க்க ஏதாவது சொல்லுங்கள்.

டூன் கோட்டையைப் பார்க்க எல்லோரும் போகிறார்கள், நீங்களும் போங்கள். அப்புறம் கொஞ்ச நேரம் இடுகாட்டுக்கும் ஒதுக்குங்கள். மழைச்செருப்பு வேண்டும், புல் எப்போதும் ஈரம். படுத்திருக்கும் கற்கள் மேல் மிதிக்காமல் ஓரமாக நடங்கள். தனியாருடைய வயல் வழியாகப் போக வேண்டி வந்தால் கதவைத் திறந்தது போலவே மூடிவிட்டுப் போங்கள், ஆடு மேய்கிற இடம். பையில் ஒரு டார்ச் வைத்துக்கொள்ளுங்கள்.